கற்பூரக் கரியும் கிளைடர்ப் பந்தயமும்

வடபழனி ஆண்டவர் கோயிலில் கற்பூரம் எரிந்து தணிந்த தட்டின் விளிம்பிலே படிந்திருக்கும் மெல்லிய கரியை நாம் விரலால் துடைத்துவிட்டு மறந்துவிடுகிறோம்; ஆனால் அதே கற்பூரக் கரி, ஒரு காலத்தில் ஐரோப்பாவின் விமானத் திடல்களில், ஆகாயத்தில் தனித்துப் பறந்து திரும்பிய ஒருவன் உண்மை சொல்கிறானா பொய் சொல்கிறானா என்பதற்குச் சாட்சியாக விளங்கியது என்று சொன்னால் நம்புவதற்குச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாசாமித் தம்பிரான் ஓலைக் கொட்டகையில் ஒரு படத்தை வைத்துப் பூஜித்துத் தொடங்கிய இத்தலத்தின் நாயகரே, ஞானப்பழத்துக்காக மயிலேறி உலகை வலம் வந்து, நிபந்தனையின் வாசகத்தை வேறுவிதமாகப் பொருள் கொண்ட தமையனாரிடம் தோற்று, கோபித்துக்கொண்டு மலையேறியவர். ஆகாயப் பந்தயங்களில் விதியைத் தெளிவாக எழுதிவைக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பழைய திருஷ்டாந்தம் எனக்குத் தெரிந்து இல்லை.

எஞ்சின் இல்லாத விமானமாகிய கிளைடர் நம் நாட்டுக்குப் புதிதன்று. புது டில்லியில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தினர், தாங்கள் உருவாக்கிய கிளைடர்களுக்கு நட்சத்திரங்களின் பெயரை வரிசையாகச் சூட்டினார்கள்: 1958-இல் அசுவினி பறந்தது; பரணியும், 1961-இல் ரோகிணியும், 1970-இல் மிருகசீர்ஷமும், 1979-இல் ஆர்த்ரா என்னும் திருவாதிரையும் வந்தன. இவற்றுள் 1963-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதன்முதலாகப் பறந்த ‘கார்த்திக்’, எஸ். ராமாமிர்தம் வடிவமைத்தது; அவர் பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம்மூர்க்காரர் என்று தோன்றுகிறதல்லவா? 15 மீட்டர் இறக்கை விரிவுள்ள, ஒருவர் மட்டுமே அமரத்தக்க அந்த மர விமானம், 1958-இல் போலந்தின் லெஷ்னோ நகரத்து உலகப் பந்தயத்தில் முதன்முறையாக இடம்பெற்ற ‘ஸ்டாண்டர்டு’ வகுப்பின் அளவிலேயே அமைந்தது. கார்த்திகேயனின் பெயரைத் தாங்கிய வாகனம் ஒன்று மயிலின் துணையின்றி வானேறியது என்பதை வடபழனிவாசிகளாகிய நாம் அறிந்திருப்பது தகும்.

கிளைடரோட்டி ஏறுகாற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே வட்டமிட்டு உயர்கிறான். கும்பாபிஷேகத்தன்று ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் செய்வதும் அதுவே. கருடனுக்குக் காற்றின் ஏற்றம் இறகிலேயே தெரியும். மனிதனுக்கோ ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை உடம்பு சரியாகச் சொல்வதில்லை. ஆகவே 1920-களின் இறுதியில், ஜெர்மானியப் பொறியாளர் அலெக்ஸாண்டர் லிப்பிஷ் யோசனை கூற, ஆஸ்திரியரான ராபர்ட் குரோன்ஃபெல்டு ‘வேரியோமீட்டர்’ என்னும் ஏற்ற இறக்கமானியைத் தம் கிளைடரில் பொருத்திக்கொண்டார். காப்பி கொண்டுபோகும் ஃபிளாஸ்கைப் போன்ற ஒரு குடுவையில் அடைபட்ட காற்று, உயரம் மாறும்போது வெளியே கசிவதையும் உள்ளே நுழைவதையும் ஒரு முள் காட்டும், அவ்வளவுதான் தந்திரம். 1929-இல் அவர் கிளைடரில் 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மனிதரானார். அக்கருவியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை; சில ஆண்டுகளில் எல்லோரிடமும் அது வந்துவிட்டது.

தடுக்கவேண்டி வந்தது வேறொன்றை. ஏறுகாற்றின் உச்சியிலே மேகம் திரள்கிறது. மேகத்தின் உள்ளேயோ, வெளியில் இருப்பதைக் காட்டிலும் வலிய ஏற்றம் பல சமயங்களில் இருக்கிறது. அதற்குள் புகுந்தவன் மற்றவர்களைவிட ஆயிரம் மீட்டர் அதிகமாக ஏறி, அந்த உயரத்தைத் தூரமாகவும் வேகமாகவும் மாற்றிக்கொண்டு ஜயிக்கலாம். ஆனால் அந்த வெண்மைக்குள் தரையும் தொடுவானமும் மறைந்த சிறிது நேரத்திலேயே செவிக்குள்ளிருக்கும் சமநிலை உணர்வு ஏமாற்றத் தொடங்குகிறது. நேராகச் செல்வதாக எண்ணியிருப்பவன் உண்மையில் சுழன்று கீழே பாய்ந்துகொண்டிருப்பான். வேகம் மிஞ்சினால் இறக்கை முறியும். இதற்கு மாற்றாகத்தான் சுழலியால் இயங்கும் திருப்பமானியும் செயற்கைத் தொடுவானமும் வந்தன. உலகப் போருக்குப் பிந்திய சர்வதேசப் பந்தயங்களிலும் மேகத்துள் பறப்பது நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டே இருந்தது. பிரிட்டனில் கிளைடர்கள் மேகத்துள் பறப்பது சட்டத்துக்கு விரோதமன்று என்ற நிலை அதன் பின்னும் நீடித்தது. பந்தயத்தில் மட்டும் ஓர் அபாயம் கூடுதல்: ஒரே ஏறுகாற்றில் இருபது பேர் வட்டமிட்டு ஒரே மேகத்துள் நுழைந்தால், யார் கண்ணுக்கும் யாரும் தெரியார்.

ஆகவே சர்வதேச விமான விளையாட்டுச் சம்மேளனத்தின் உலகப் பந்தய விதிகளில், தரையைப் பாராமலே பறக்க உதவும் எக்கருவியையும் விமானத்தில் வைத்திருக்கக் கூடாது, அது பழுதானதாயினும் கூடாது என்று எழுதிவைத்தார்கள். இந்தக் கடைசிச் சொற்களை எழுதியவர் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவராக இருக்கவேண்டும். மேகத்துள் போகாதே என்று சொன்னால் போனானா என்று யார் பார்ப்பது? கருவியே இல்லாதவனைப் பயமே தடுத்துவிடும்.

இனிச் சாட்சிக்கு வருவோம். பாரோகிராஃப் என்பது காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை ரேகையாக வரையும் பெட்டி. அதன் உருளையின் மேல் சுற்றிய தகட்டைக் கற்பூரப் புகையில் காட்டிக் கரி ஏற்றுவார்கள். கடிகார விசையால் உருளை சுழல, ஊசிமுனை கரியைக் கீறிச் செல்லும். புறப்படுமுன் அதிகாரபூர்வமான பார்வையாளர் அதற்கு முத்திரையிடுவார். இறங்கியபின் ரேகை அழியாதபடி மேலே அரக்குப் பூச்சு ஏற்றுவார்கள். நடுவழியில் ரகசியமாக இறங்கவில்லை என்பதற்கு இந்தக் கீறலே அத்தாட்சி. குறிப்பிட்ட திருப்புமுனையைச் சுற்றினான் என்பதற்கோ, விமானி இறக்கையைச் சாய்த்து நிழற்படம் எடுத்துவர வேண்டும். அந்தப் படச்சுருளை முழுமையாக, எங்கும் வெட்டாமல், ஒரே துண்டாக ஒப்படைக்க வேண்டும். ஏவி.எம்., விஜயா வாஹினி ஸ்டூடியோக்களின் நிழலில் வளர்ந்த நமக்கு இந்த நிபந்தனை ஒரு விநோதமாகவே படும். படச்சுருளை வெட்டி ஒட்டி, நடவாததை நடந்ததாகக் காட்டுவதிலே தேர்ந்த கலைஞர்கள் பல்லாண்டுகள் தொழில் செய்த பேட்டை அல்லவா இது?

1990-களில் செயற்கைக்கோள் வழிகாட்டி வந்ததும் கரியும் சுருளும் விடைபெற்றன. சம்மேளனம் அங்கீகரித்த பதிவுப்பெட்டி, நிமிஷத்துக்குப் பலமுறை இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, அந்தக் கணக்கின்மேல் மின்னணுக் கையொப்பமும் இடுகிறது; பெட்டியை யாரேனும் திறந்தால் அதன் முத்திரை தானே அழிந்துவிடும். பழைய பாரோகிராஃபின் வாரிசாக ஓர் அழுத்த உணர்வி அதற்குள்ளே இன்றும் இருக்கிறது.

2004-இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ‘ஃபிளார்ம்’ என்னும் மோதல் எச்சரிக்கைக் கருவி மற்றொரு தர்மசங்கடத்தைக் கொண்டுவந்தது. உயிர் காப்பதால் அதை விலக்க முடியாது. ஆனால் எதிரே வருபவனைக் காட்டும் அக்கருவி, சில கிலோமீட்டருக்கு அப்பால் போட்டியாளன் எவ்வளவு வேகமாக ஏறுகிறான் என்பதையும் காட்டிவிடுவதால், தானே தேடாமல் பிறன் கண்டுபிடித்த காற்றில் ஒட்டிக்கொள்ள அது வழிசெய்தது. ஆகவே எச்சரிக்கையை வைத்துக்கொண்டு வேவுத் தகவலை மறைக்கும் ஏற்பாடு பிறந்தது. வருஷக்கணக்கில் இதைப் பற்றி வாதித்தார்கள். மறைப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.

செயற்கைத் தொடுவானமோ இப்போது பித்தளைப் பெட்டியில் வருவதில்லை. வழிகாட்டும் திரைக்குள்ளேயே ஒரு வசதியாக அடங்கிவிட்டது. பந்தய நாட்களில் மட்டும் அதை முடக்கிவைக்கும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்களே செய்துகொடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய நுண்சுழலி, ஆற்காடு சாலைக் கடைகளில் விற்கும் கைப்பேசிகள் பலவற்றிலும் இருக்கிறது.