வளைக்கரடியின் கபாலம்

பிரான்ஸ் தேசத்தின் ரோன் நதிப் பள்ளத்தாக்கிலே, ஸான்-வாலியே என்னும் ஊரருகே, காற்று கொணர்ந்து படிவித்த நுண்மண்ணில் ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுகளாகப் புதைந்து கிடந்து, விரே என்னும் பண்டிதரால் 'மெலெஸ் தொராலி' எனப் பெயரிடப்பெற்ற வளைக்கரடியின் எச்சம், 1758-இல் லின்னேயஸ் என்னும் இயற்கை நூலார் கரடிக் கணத்திலேயே சேர்த்துவிட்ட இன்றைய ஐரோப்பிய வளைக்கரடியின் பூர்வீகத்தை நாடுவோருக்கு விலைமதிக்கவொண்ணாத சாசனமாகும்.

மாமிசம் அரியும் பல்லே பிரதானமாயிருந்த வளைக்கரடியின் முன்னோர் குலத்தில், மண்புழு, வண்டு, கிழங்கு, கனி யாவற்றையும் உண்ணும் வழக்கம் வேரூன்றவே, காலக்கிரமத்தில் அரியும் பல் சுருங்கி, அதன் பின்னுள்ள மேல் கடைவாய்ப்பல் அகன்று நீண்டு அம்மிபோல் அரைக்கும் தளமாயிற்று. என் மனத்தைப் பெரிதும் கவர்வது தாடையின் பூட்டே: கீழ்த்தாடையின் முளை கபாலத்தின் நீண்ட குழியினுள் இறுகப் பொருந்தியிருப்பதால், சதையெல்லாம் அழிந்த பின்னரும் அது எளிதிற் கழன்று வீழ்வதில்லை. உச்சியில் ஓங்கிய எலும்பு வரம்பு வலிய தாடைத் தசைகளுக்குப் பிடிப்பாகும்; வயது முதிர முதிர அது வளர்வதாதலின், அவ்வரம்பை மட்டும் அளந்து புதிய இனமென்று தீர்ப்பளித்தல் தகாது.

ஐரோப்பா முதல் ஜப்பான் வரை ஒரே இனமென முன்பு எண்ணப்பட்ட வளைக்கரடிகள், கபாலமும் பற்களும் காட்டிய வேற்றுமையாலும் மரபணுச் சான்றாலும் இன்று தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன.