சுருளிவில்லும் வரைபும்: ஒரு விதியின் சமூக வரலாறு

இயற்கை விதிகள் சமூகத்துக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. எந்த வர்க்கத்தாரின் கையிலிருப்பினும் இரும்புக் கம்பி ஒரே வகையிலேயே நீளும் என்பது மெய்யே. ஆயின், அக்கம்பி நீளும் முறை பற்றிய அறிவு எத்தேவை கருதித் தேடப்பட்டது, யாருக்கு வெளிப்படுத்தப்பட்டது, யாரிடமிருந்து மறைக்கப்பட்டது என்பன வரலாற்றினுள் வைத்தே விடை காணவேண்டிய வினாக்களாகும். சுருளிவில்லொன்றில் நிறைகளைத் தொங்கவிட்டு, விசையையும் நீட்சியையும் வரைபாக்கி, அவ்வில்லின் விறைப்பைக் காண்பது பாடசாலை ஆய்வுகூடங்களிற் செய்யப்படும் எளிய பரிசோதனைகளுள் ஒன்று. அதனை முன்வைத்து இவ்வினாக்களை நாம் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இத்தகைய ஆய்வுக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் சோவியத் அறிஞர் பொறிஸ் ஹெசென் ஆவர். 1931 ஆம் ஆண்டில் லண்டனில் நடைபெற்ற இரண்டாவது அனைத்துலக விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே, நியூற்றனின் ‘பிரின்சிப்பியா’வுக்குச் சமூக பொருளாதார வேர்கள் உண்டென்பதை அவர் எடுத்துரைத்தார். அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி ஜே. டி. பேணால் 1954 இல் வெளியிட்ட ‘வரலாற்றில் விஞ்ஞானம்’ என்னும் பெருநூல் அம்மரபினை விரிவுபடுத்திற்று. ஹெசென் 1936 இல் தமது நாட்டிலேயே மரணதண்டனைக்கு உள்ளானமை மாக்ஸிய ஆய்வாளர் மறக்கலாகாத கசப்பான உண்மையாகும். அவர் காட்டிய வழியைப் பின்பற்றுவோர் ஒரு தவற்றினைத் தவிர்த்தல் வேண்டும். தேவை தோன்றியதும் அறிவு தானாகப் பிறந்துவிடும் என்று கொள்வது இயந்திரப்பாங்கான விளக்கமேயன்றி இயங்கியல் நோக்காகாது. சொத்துறவுகள் அறிவைத் தூண்டவும் செய்யும், தடுக்கவும் செய்யும். சுருளிவில்லின் கதை இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டுகின்றது.

றொபேட் ஹூக் 1635 இல் இங்கிலாந்தின் வைற் தீவில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஒக்ஸ்போட்டில், பிரபுவின் மகனாகிய றொபேட் பொயிலின் சம்பளம் பெறும் உதவியாளராக அமர்ந்து, அவருக்கு வளிப்பம்பியை அமைத்துக் கொடுத்தார். 1662 இல் வேத்தியற் கழகத்தின் பரிசோதனைப் பொறுப்பாளரானார். கனவான்கள் கூடியிருந்து காணும் பரிசோதனைகளைத் தம் கையாற் செய்து காட்டுவதே அவர் கடமையாயிருந்தது. கைவினைஞனின் திறனும் கற்றோனின் கோட்பாட்டறிவும் ஒரே மனிதனிடத்துச் சங்கமித்தமை அக்காலத்தின் சிறப்பியல்பாகும். அத்தகையோர் கனவான்களிடையே சமமதிப்புப் பெறாதிருந்தமையும் அக்காலத்தின் இயல்பேயாகும்.

வில்லின்மீது ஹூக்கின் கவனம் சென்றமைக்குக் கடல் வணிகத்துடன் தொடர்புண்டு. கப்பலிலிருந்து நெடுங்கோட்டினைத் துணிவதற்குத் துறைமுக நேரத்தைத் தவறாது காட்டும் கடிகாரம் வேண்டும். ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656 இல் அமைத்த ஊசற் கடிகாரம் தரையிற் சிறப்பாக இயங்கியது. அலையில் ஆடும் கப்பலில் ஊசல் பயன்படவில்லை. புவியீர்ப்பின் இடத்தில் வில்லின் மீள்விசையை அமர்த்த இயலுமாயின் இடர் தீரும் என ஹூக் கருதினார். இங்கேதான் விதியின் முக்கியத்துவம் புலனாகின்றது. மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு விகிதசமமாயின், அதிர்வு பெரிதாயினும் சிறிதாயினும் அதற்கு எடுக்கும் நேரம் ஒன்றேயாகும். அப்போதுதான் கடிகாரம் ஒழுங்காக ஓடும். விசைக்கும் நீட்சிக்குமுள்ள உறவு பற்றிய வினா இவ்வாறு நேரத்தைப் பற்றிய வினாவாகவும், நேரம் வணிகத்தைப் பற்றிய வினாவாகவும் அமைந்தன.

ஹூக்கின் கூற்றுப்படி அவர் இவ்விதியை 1660 ஆம் ஆண்டளவிலேயே கண்டிருந்தார். குறிப்பிட்டதொரு பயன்பாட்டுக்கு அதனை உட்படுத்தக் கருதியிருந்தமையால் வெளியிடவில்லை. கடிகாரத்துக்கான காப்புரிமை தொடர்பாகப் பொயில், பிரவுங்கர் பிரபு, றொபேட் மொறே ஆகியோருடன் அவர் பேச்சு நடத்தினார். அக்கண்டுபிடிப்பைப் பின்னர் மேம்படுத்துவோருக்கும் இலாபத்தில் உரிமை வழங்கும் ஏற்பாட்டினை ஹூக் ஏற்காமையால் அம்முயற்சி முறிந்தது. 1675 இல் ஹைகன்ஸ் சுருள்வில் பொருத்திய கைக்கடிகை அமைப்பை வெளியிட்டபோது, முந்தியவர் யாரென்ற கடும் தகராறு எழுந்தது. 1676 ஆம் ஆண்டைத் தாங்கிவந்த நூலொன்றின் இறுதியில் ஹூக் தமது விதியை 14 இலத்தீன் எழுத்துக்களைக் கொண்ட புதிராக அச்சிட்டார். முந்துரிமையை நிறுவவேண்டும், பொருளையோ பிறர் அறியலாகாது. அறிவு தனியுடைமையாகும்போது அது கொள்ளும் வடிவத்துக்கு இப்புதிரினும் பொருத்தமான சான்று வேறில்லை எனலாம்.

அதே 1676 இல் தோமஸ் ஷட்வெல் எழுதிய ‘வேர்சுவோசோ’ என்னும் அங்கத நாடகம் லண்டன் அரங்கேறியது. அதன் நாயகன் மேசைமீது படுத்தவாறு நீச்சல் பயில்பவன். கோட்பாடே போதும், நீரில் இறங்குதல் தனக்கு வேண்டியதில்லை என்பவன். தம்மையே அந்நாடகம் பரிகசிப்பதாக ஹூக் மனம்புழுங்கியதை அவரது நாட்குறிப்பு காட்டுகின்றது. இலக்கிய மாணவராகிய நாம் இம்முரணைக் கூர்ந்து நோக்குதல் தகும். பயனற்ற அறிவென்று அரங்கம் நகைத்த அதே ஆண்டில், பெரும்பயன் கருதியே அவ்வறிவு பூட்டிவைக்கப்பட்டிருந்தது. சிரித்தோருக்குப் பூட்டு தெரியவில்லை.

1678 இல் வெளிவந்த வில்லைப் பற்றிய நூலிற் புதிர் அவிழ்க்கப்பட்டது: நீட்சி எவ்வாறோ, விசையும் அவ்வாறே. இந்நூலின் சிறப்பு அவ்வொற்றை வாக்கியத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. 20, 30 அல்லது 40 அடி நீளக் கம்பியை ஆணியிற் கட்டித் தொங்கவிடுக; கீழே தட்டொன்றைக் கோத்து நிறைகளை ஒவ்வொன்றாக இடுக; தட்டின் அடிக்கும் நிலத்துக்குமுள்ள தூரத்தைக் கவராயத்தால் அளந்து குறித்துக்கொள்க என்னும் கருத்தில் ஹூக் வழி கூறுகின்றார். கம்பியும் நிறையும் கவராயமும் எந்தப் பட்டறையிலும் கிடைப்பன. பதினெட்டு ஆண்டுகள் மறைக்கப்பட்டிருந்த விதி, எவரும் செய்து பார்க்கத்தக்க செய்முறையாக மாறியபோதே பொதுவுடைமையாயிற்று.

இன்று நாம் வரைகின்ற வரைபு பொதுக் கருவியாவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. அதன் வளர்ச்சியிலும் தொழிற்சாலையின் முத்திரையைக் காண்கின்றோம். இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து 1786 இல் நூல் வெளியிட்ட வில்லியம் பிளேயவெயர், முன்னர் போல்டன்–வாட் நிறுவனத்தில் வரைவாளராகப் பணியாற்றியவர். அந்நிறுவனத்திலேயே ஜேம்ஸ் வாட் நீராவியின் அழுத்தத்தை அறிய ஒரு கருவியை அமைத்தார். சிறிய உருளையொன்றினுள் ஆடுதண்டை வில்லொன்று தாங்கி நிற்கும்; வில்லின் அசைவே அழுத்தத்தின் அளவு. 1796 இல் ஜோன் சதேர்ண் அதனுடன் பென்சிலையும் நகரும் பலகையையும் இணைத்தார். இயந்திரம் தன் வரைபைத் தானே வரைந்தது. வரைபு அடைத்த பரப்பளவு அது செய்த வேலையைக் காட்டிற்று. வில்லின் விறைப்பை அறியாது அவ்வரைபை வாசிக்க முடியாது. இக்கருவியும் தொழில் இரகசியமாகப் பேணப்பட்டு 1822 இலேயே அச்சில் வெளிப்பட்டது. ஹூக்கின் புதிர் வேறுருவில் மீண்டமை வெறும் தற்செயலன்று.

இப்பின்னணியில் மாணவனின் பரிசோதனையை நோக்குவோம். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நெருக்கமாகச் சுற்றப்பட்ட வில்லொன்றில் 1, 2, 3, 4 நியூற்றன் விசைகளைப் பிரயோகிக்க, நீட்சிகள் முறையே 2.5, 7.5, 12.5, 17.5 சென்ரிமீற்றராகின்றன எனக் கொள்வோம். விசையை நீட்சியால் வகுத்தால் முதல் வாசிப்பு மீற்றருக்கு 40 நியூற்றன் எனவும், இறுதி வாசிப்பு ஏறத்தாழ 23 எனவும் கூறும். எது உண்மை? விசையை நிலைக்குத்து அச்சிலும் நீட்சியைக் கிடை அச்சிலும் குறித்தால் நான்கு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. அக்கோடு உற்பத்திப் புள்ளியூடாகச் செல்லவில்லை. சுருள்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால், அவை பிரியத் தொடங்குவதற்கே அரை நியூற்றன் செலவாகின்றது. கோட்டின் படித்திறன் மீற்றருக்கு 20 நியூற்றன். அதுவே வில்லின் விறைப்பு. தனித்த வாசிப்புக்கள் மறைத்ததை அவற்றிடையேயுள்ள உறவு வெளிப்படுத்துகின்றது. கோட்டின் கீழுள்ள பரப்பு வில்லில் சேமிக்கப்பட்ட சக்தியைத் தருகின்றது. மேலும் மேலும் நிறையேற்றினால் ஓரிடத்திற் கோடு வளைகின்றது. மீள்தன்மை எல்லை கடந்ததும் நிறைகளை அகற்றினாலும் வில் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதை மாணவன் தன் கண்ணாற் காண்கின்றான். விதி எங்கு செல்லுபடியாகும் என்பதோடு, எங்கு செல்லுபடியாகாது என்பதையும் வரைபே கூறுகின்றது.

எனவே, வரைபு விதிக்கு வரைந்த அலங்காரமன்று. விதியைச் சோதிக்கும் உரிமையைச் சோதிப்பவரின் கையில் ஒப்படைக்கும் சாதனமாகும். சூத்திரத்தை மனனஞ்செய்து, விடையை முன்கூட்டியே அறிந்து, அதற்கிணங்கப் புள்ளிகளைத் திருத்திக் குறிக்கும் பழக்கத்தைப் பரீட்சையை மையமாகக் கொண்ட கல்வி வளர்க்கின்றது. அவ்வாறு குறிக்கும் மாணவனுக்கு, 1678 இல் அவிழ்ந்த விதி மறுபடியும் 14 எழுத்துப் புதிராகிவிடுகின்றது. வேறுபாடு யாதெனில், இம்முறை புதிரைப் பூட்டிவைப்பவர் காப்புரிமை தேடும் கண்டுபிடிப்பாளரல்லர், கற்பிக்கும் முறையே. விஞ்ஞானத்தை மக்களுக்குரியதாக்குதல் பற்றி முற்போக்காளராகிய நாம் நிறையப் பேசுகின்றோம். தாய்மொழியில் விதியைச் சொல்வது அதன் முதற்படி. வில்லையும் நிறைகளையும் வெற்று வரைபுத்தாளையும் மாணவனிடம் கொடுத்து, கோடு எங்கு செல்கின்றதோ அங்கு அவனைச் செல்லவிடுவது அடுத்த படி. இவ்விரண்டாம் படியில் கால் வைக்காதவரை முதற்படியின் பயன் அரைகுறையாகவே நிற்கும்.