நூற்றறுபது சதுர அடியில் மூன்று தலைமுறை

மும்பை தோபி தலாவ் பகுதியின் பழைய கட்டடங்கள் சிலவற்றில், கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது பெட்டிகள்தான். சுவரோரம் வரிசையாகத் தகரப் பெட்டி, மரப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒருவருடைய மொத்தச் சொத்தும் இருக்கும். கோவாவிலிருந்து கப்பல் வேலை தேடி வந்தவர்கள் தங்கிய ‘கூட்’கள் இவை. ஊர்க்காரர்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த இடம். அந்த ஊரில் பிறந்தவன் என்றால் பாய் விரிக்க இடம் உண்டு. மாலையில் பீடத்தின் முன்னால் ஜெபமாலைக்கு மட்டும் வந்து நிற்க வேண்டும். ரத்னகிரிப் பக்கத்துக் கிராமத்தார் இதையே பரேலிலும் லால்பாகிலும் ‘சால்’களில் செய்தார்கள். ஓர் அறை, அதற்கு ஊரே வாடகை. பகல் ஷிப்ட்காரன் எழுந்துபோன இடத்தில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான்.

சால் என்றால் மூன்று நான்கு மாடிக் கட்டடம், மாடிக்கு மாடி நீளத் தாழ்வாரம், அதை ஒட்டி ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறை. திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தை அறிந்தவர்களுக்கு இது பழகியதாகத் தோன்றலாம். ஆனால் ஒண்டுக்குடித்தனம் பெரும்பாலும் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டைப் பின்னால் கூறுபோட்டது. சால் முதல் செங்கல்லிலிருந்தே வாடகையைக் கணக்குப் பார்த்துக் கட்டியது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வரும் ஆண்தான் அந்தக் கணக்கில் இருந்தான். அவன் மனைவி மக்களோடு வந்து, நூறு வருடம் இருந்துவிடுவான் என்று யாரும் எண்ணவில்லை.

1854-ல் காவஸ்ஜி தாவர் பம்பாயின் முதல் பருத்தி ஆலைக் கம்பெனியைத் தொடங்கினார். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது, லங்காஷயருக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றது, பம்பாய்ப் பஞ்சு வியாபாரிகளின் கல்லா நிறைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் நகரத்தின் நடுப்பகுதி ஆலைப் புகைபோக்கிகளால் நிரம்பி ‘கிரண்காவ்’, அதாவது ஆலை ஊர், ஆனது. சங்கு ஊதினால் நடந்தே போய்விடும் தூரத்தில் வீடு வேண்டும். அதனால் ஆலையைச் சுற்றிச் சால்கள் முளைத்தன. 1911-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது நகரவாசிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒற்றை அறைகளில்தான் இருந்தார்கள்.

தனி ஆண்களுக்குச் சோறு போட்டது பக்கத்து அறைப் பெண்கள். மாதக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இரு வேளையும் சமைத்துப் போடும் இந்த ‘கானாவள்’ தொழிலில் அடுப்பு, பாத்திரம், கடன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆலையில் வேலைநிறுத்தம் என்றாலும் சாப்பாட்டுக்காரர்களை விரட்ட முடியாது, பாக்கி ஏறும். மளிகைக்காரரிடம் நகையை அடகு வைத்துத்தான் அவர்கள் சமாளித்தார்கள். 1975-ல் பிரேமா புரவ் இவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கிய பிறகுதான் வங்கிக் கடன் என்ற ஒன்று அவர்களை எட்டியது. ஆலைத் தொழிலாளர் வரலாறு எழுதுவோர் பலர் இந்த அடுப்புகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் நோயை மருத்துவர் அகாசியோ வியகஸ் கண்டறிந்தார். நெரிசல்தான் காரணம் என்று முடிவுகட்டிய அரசு, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்டை ஏற்படுத்தியது. டிரஸ்ட் சந்துகளை இடித்து அகலச் சாலைகள் போட்டது. வீடு இடிபட்டவர்கள் அடுத்த சந்தில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள். டிரஸ்ட் கட்டிய சில சால்களில் ஒன்று பரேலில் இருக்கிறது. அதன் இரண்டு அறைகளில்தான் அம்பேத்கர் இருபது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தார். 1930-களில் தாதரில் ‘ராஜகிருகம்’ கட்டிக் குடிபோகும்வரை அதுதான் வீடு.

முதல் உலகப் போருக்குப் பின் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் பெரிய திட்டம் போட்டார். 1920-ல் பம்பாய் டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட், சுருக்கமாக பி.டி.டி., உருவானது. ஐம்பதாயிரம் அறைகள் கட்டுவதாகப் பேச்சு. செலவுக்கு, நகரத்துக்குள் வரும் பஞ்சுப் பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் வரி. முடிவில் எழுந்தவை 207 சால்கள்: வொர்லியில் 121, நய்காவில் 42, இன்றைய என்.எம். ஜோஷி மார்க்கில் 32, சிவ்ரியில் 12. கட்டடத்துக்கு எண்பது அறை, அறைக்கு 160 சதுர அடி. கதை இதற்குப் பிறகுதான் வேடிக்கையாகிறது: நெரிசலால் மூச்சுத் திணறிய ஊரில் இந்தப் புது அறைகளுக்கு ஆள் வரவில்லை. வாடகை கூடுதல், ஆலையோ தூரம். வொர்லியில் காலியாகக் கிடந்த சால்களை 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதானவர்களை அடைக்கத் தற்காலிகச் சிறையாக்கினார்கள். தொழிலாளிக்குக் கட்டிய வீடு முதலில் கதர்ச்சட்டைக்காரர்களுக்குத்தான் பயன்பட்டது.

காலப்போக்கில் அந்த அறைகளும் நிரம்பின. சால்களில் குடியேறியவர்கள் பிறகு நகரவே இல்லை. தனியார் சால்களில் அதற்குக் காரணம் வாடகைச் சட்டம். போர்க்கால ஏற்பாடாக 1918-லேயே வாடகைக்கு உச்சவரம்பு வந்திருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் முதல் தேதி நிலவரத்தில் நிறுத்திவைத்தது. சம்பளம் ஏறியது, அரிசி விலை ஏறியது, வாடகை மட்டும் அங்கேயே நின்றது. அப்பா கட்டிய வாடகையையே மகனும் கட்டினான். வீட்டுக்காரருக்குக் கூரை ஒழுகினால் ஓடு மாற்றவும் அந்தப் பணம் காணாது.

இதிலிருந்து பிறந்ததுதான் ‘பக்டி’. குடியிருப்பவர் காலிசெய்யும்போது, வருபவரிடமிருந்து பெருந்தொகை கைமாறும், அதில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. வாடகைதாரர் பாதி முதலாளி, முதலாளி பாதி தரகர். சட்டம் தடுத்த இந்த வழக்கத்தை எல்லோரும் பகிரங்கமாகவே பின்பற்றினார்கள். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. வாடகையும் அப்போதுதான் அசைந்தது, ஆண்டுக்கு நான்கு சதவீதம். நூறு ரூபாய் வாடகையில் அது நான்கு ரூபாய். பழுதுபார்க்க அந்த நான்கு ரூபாய் எந்த மூலைக்கு?

வாடகைக் கட்டுப்பாடு தவறு என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் சொல்வதை முழுக்க ஏற்க முடியாது. அது இல்லாவிட்டால் ஆலைத் தொழிலாளி நகரத்தின் நடுவில் ஒரு தலைமுறைகூட நின்றிருக்க மாட்டான். ஆனால் சுவர்களுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. 1969-லேயே அரசு தனி வரி போட்டு, பழுதுபார்க்க ஒரு வாரியம் அமைக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த கட்டடங்கள் 19,642. மழைக்காலம் வந்தால் ஏதாவது ஒன்று சரியும். 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள்.

தாழ்வாரத்து வாழ்க்கையை மராத்தியர்கள் கொண்டாடுவதும் உண்டு. பு.ல. தேஷ்பாண்டேயின் ‘படாட்யாச்சி சாள்’ நூல் 1958-ல் வந்து இன்றும் சிரிக்க வைக்கிறது. கிர்காவ் கேஷவ்ஜி நாயக் சாலில் 1893-ல் தொடங்கிய பொதுப் பிள்ளையார் விழாவை இன்றும் நடத்துகிறார்கள். ‘லால்பாகின் ராஜா’ என்ற பிள்ளையார் 1934-ல் பிறந்ததும் பேரு சால் சந்தையை இழந்த மீனவர்களும் வியாபாரிகளும் வேண்டிக்கொண்டதால்தான். ஆனால் குழாயடிச் சண்டையையும் காலை நேரக் கழிப்பறை வரிசையையும் பெண்கள் அவ்வளவு ஏக்கத்தோடு நினைப்பதில்லை.

1982 ஜனவரி 18-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் நடத்திய ஆலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். அது முறைப்படி வாபஸ் பெறப்படவே இல்லை. ஆலைகள் மூடின, நிலம் மால் ஆனது. தொழிலாளிக்கு மிச்சமிருந்தது அந்த அறையின் வாடகை உரிமை மட்டுமே. இப்போது அந்த உரிமைக்குத்தான் விலை. வொர்லி பி.டி.டி. சால்களில் 160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி வீடு இலவசம். அதே நிலத்தில் எழும் மற்றக் கோபுரங்களை விற்று அந்தச் செலவை எடுப்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள்.

தனியார் சால்களில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை. இடியும் நிலையில் காலிசெய்யப்பட்ட பலர் மாநில வீட்டுவசதி வாரியத்தின் தற்காலிக முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, இருபது முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறார்கள். மனை குறுகலாக இருப்பதாலோ சாலைக்கு எடுக்கப்பட்டதாலோ பழைய கட்டடம் மறுபடி எழ வழியில்லாதவர்களின் பெயர்கள் ‘மாஸ்டர் லிஸ்ட்’ என்ற பட்டியலில் ஏறும். வேறெங்காவது வீடு காலியானால் வரிசைப்படி கூப்பிடுவார்கள்.