ஐந்து மெஷினும் ஒரு கராஜும்

ஷொப்ஸ்மித் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, ஜெர்மனியில் இருந்து வந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் உருவாக்கிய மரவேலை மெஷின் அது. 1947 அளவில் சந்தைக்கு வந்தது. மொன்ட்கொமரி வார்ட் கடைகளில் வைத்து விற்றார்கள். யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் புறநகரங்களில் சின்னச் சின்ன வீடுகள் வாங்கிக்கொண்டிருந்த காலம். வீட்டோடு ஒரு கராஜ். அதற்குள் காரும் நிற்கவேண்டும், வீட்டுக்காரரின் மரவேலை ஆசையும் நிற்கவேண்டும்.

கோல்ட்ஷ்மிட் கண்ட வழி இதுதான். ஒரே ஒரு மோட்டார். அது இரண்டு குழாய்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டில் வட்டவாளைப் பூட்டினால் பலகை அறுக்கலாம். தட்டைப் பூட்டினால் தேய்க்கலாம். படுக்கைவாட்டில் துளை போடலாம். குழாய்களை அப்படியே நிமிர்த்தி நிறுத்தினால் மேலிருந்து துளைக்கும் ட்ரில். மரக்கட்டையைப் பிடித்துச் சுழற்றினால் கடைசல் மெஷின். ஐந்து வேலைக்கும் கராஜில் ஒரு மூலை போதும்.

போதும் என்றுதான் விளம்பரம் சொல்லும். ஐந்து மெஷினை ஒன்றாக்கினால் மற்ற நாலும் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அவை உதிரிகளாக மாறி உங்கள் அலுமாரிக்குள் வந்து குந்திவிடுகின்றன! வாள்கள், தேய்க்கும் தட்டு, ட்ரில் பிடி, கடைசலுக்கான தாங்கி, மரத்தின் மறுமுனையைப் பிடிக்கிற பின்தலை, மேசை, வேலி, வாளுக்கு மூடி...

(அலுமாரி போர்த்துக்கீசரிடம் இருந்து வந்த சொல். லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. சாமான் அடுக்கி வைக்கிற சங்கதியில் எங்களுக்குப் பறங்கியர் கொடுத்த சொற்கள் இவ்வளவு இருக்கின்றன. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

எங்கள் ஊர் ஆசாரியாருக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. உளிகளைச் சாக்குத்துணியில் சுற்றி, சீவுளி, கொட்டாப்புளி, துறப்பணம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது அந்தப் பெட்டி அவருடைய சைக்கிள் கரியரில் இருந்தது. ஒரு மனிதனின் முழுத்தொழிலும் ஒரு கரியரில்.

போன மாதம் லிவர்மோரில் இருக்கிற நண்பர் ஒருவர் (எங்கள் ஆட்களுக்கு அந்த ஊர் சிவா விஷ்ணு கோயிலால்தான் தெரியும்) பழைய ஷொப்ஸ்மித் ஒன்றை வாங்கிவிட்டுத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, மெஷினுக்கு இடம் பிடிச்சிட்டன். உந்த உதிரியளை ஒரு பெட்டியிலை கொட்டி மூடிவிடட்டோ?" வேண்டாம் என்றேன். ஏன் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லவேண்டும்.

கலிபோர்னியாவில் வில்லியம் கிரீன்மன் என்பவருக்கு 1955 கிறிஸ்மஸுக்கு மனைவி ஒரு ஷொப்ஸ்மித் வாங்கிக் கொடுத்தார். கிரீன்மன் 1957இல் கடைசல் வேலைக்கான உதிரிகளையும் வாங்கி, ஒரு பெரிய கட்டையைக் கோப்பையாகக் கடையத் தொடங்கினார். பல தடவை ஒரு கரைச்சலும் இல்லை. ஒருநாள் கட்டை மெஷினை விட்டுப் பறந்து வந்து நெற்றியில் அடித்தது. படுகாயம்.

வழக்கில் சாட்சி சொன்ன நிபுணர்கள் காட்டியது ஒரு சின்ன விஷயம். பாகங்களை இறுக்கிப் பிடிக்கிற ஸ்குரூக்கள் போதுமானவை அல்ல. சாதாரண அதிர்விலேயே பின்தலை மரத்தை விட்டு விலகிவிடுகிறது. ஜூரி 65,000 டொலர் கொடுக்கச் சொன்னது. கிரீன்மன் உரிய காலத்துக்குள் அறிவித்தல் தரவில்லை, ஆகவே உத்தரவாதத்தை மீறினோம் என்று வழக்குப் பேச முடியாது என்றது யூபா பவர் புரொடக்ட்ஸ் கம்பனி. 1963 ஜனவரி 24ஆம் திகதி கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரொஜர் ட்ரேய்னர் அதை ஏற்கவில்லை. யாரும் சோதித்துப் பார்க்காமல் பாவிப்பார்கள் என்று தெரிந்தே ஒரு பொருளைச் சந்தையில் விட்டு, அதன் குறைபாட்டால் ஒருவர் காயப்பட்டால் செய்தவரே பொறுப்பு. ஒப்பந்தம், அறிவித்தல் என்று ஒளிய முடியாது. மெர்செட்டில் ஒரு பரிசாரகியின் கையில் கொக்கா கோலா போத்தல் வெடித்த வழக்கில், 1944இலேயே தனியாக நின்று இதே நியாயத்தை எழுதியவர் ட்ரேய்னர். பத்தொன்பது வருடம் கழித்து நீதிமன்றம் முழுவதும் அவர் பக்கம் வந்தது. அமெரிக்காவில் பொருட்களால் காயப்பட்டவர்கள் கேட்கிற நியாயத்தில் பெரும்பகுதி இந்தக் கராஜ் மெஷினில் இருந்துதான் பிறந்தது.

கிரீன்மன் உதிரிகளை எங்கே வைத்திருந்தார் என்பது வழக்கில் கேள்வியே அல்ல. பிழை செய்தவரிடம். ஆனால் அந்த மெஷினின் பிடி எல்லாம் சின்ன ஸ்குரூவில் நிற்கிறது என்பது அதில் வெளிச்சம். பெட்டியில் கொட்டினால் முதலில் தொலைவது அந்த ஸ்குரூவும் 5/32 அங்குல அலன் சாவியும்தான். பிறகு கையில் அகப்பட்டதைப் போட்டு இறுக்குவோம்.

ஷொப்ஸ்மித்தின் தண்டு 5/8 அங்குலம். தண்டில் ஏறுகிற உதிரிகளின் துளையும் அதுதான். ஆகவே அதே மெஷினில் ஒரு மயிரிழை குறைத்து மர முளைகளைக் கடைந்து, பலகையில் சற்று மேல்நோக்கிச் சரித்து அடித்தால் தட்டு, பிடி எல்லாம் தொங்கும். வேலைக்கு ஒரு வரிசை. வாள்களுக்கு இடையில் மெல்லிய பிளைவுட். பற்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. அலன் சாவியைப் பலகையிலேயே நூலில் கட்டிவிடவேண்டும்.

லிவர்மோர்க்காரருக்கு இன்னொன்று. 1980 ஜனவரி 24ஆம் திகதி அந்தப் பள்ளத்தாக்கை 5.8 அளவு பூகம்பம் ஆட்டியது. (தீர்ப்பு வந்ததும் ஜனவரி 24. அர்த்தம் ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.) பலகையை வெறும் சுவர் அட்டையில் பூட்டாமல் உள்ளே நிற்கிற மரச்சட்டத்தில் பூட்டுங்கள். தட்டுகளுக்கு முன்னால் ஒரு அங்குலக் கரை. பாரமான மேசை கீழே, நிலத்தோடு. பின்தலை கண்மட்டத்தில், ஸ்குரூ வெளியே தெரிகிற மாதிரி.