‘தொகு’ பொத்தானின் வரலாறு: விக்கிப்பீடியாவின் பக்க வடிவமைப்பும் புதிய பங்களிப்பாளர் வரவும்

ஆய்வுச் சுருக்கம்

திறமூலத் திட்டமொன்றின் இணையதளம், படிக்க வருபவரைப் பங்களிப்பவராக மாற்றும் நோக்கில் மீண்டும் மீண்டும் வடிவமைக்கப்படுவது வழக்கம். அவ்வகை முயற்சிகளுள் நீண்ட வரலாறும் மிகுதியான சான்றுகளும் உடையது விக்கிப்பீடியா. 2000ஆம் ஆண்டின் நியூபீடியா தொடங்கி 2013ஆம் ஆண்டின் காட்சித் தொகுப்பி வரையிலும், அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் அத்தளத்தில் நிகழ்ந்த வடிவமைப்பு மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நுழைவை எளிதாக்கும் மாற்றங்கள், நுழைந்தவர் நடத்தப்படும் முறையைத் தொடாதவரை பெரும்பயன் தரவில்லை என்பது இதன் கருத்து. தமிழ் விக்கிப்பீடியாவின் பட்டறிவும் உடன்வைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திறமூலம், விக்கிப்பீடியா, மீடியாவிக்கி, பக்க வடிவமைப்பு, காட்சித் தொகுப்பி, தமிழ் விக்கிப்பீடியா.

நியூபீடியாவின் ஏழு படிகள்

ஜிம்மி வேல்ஸ் நடத்திய போமிஸ் நிறுவனத்தின் பொருளுதவியுடன் 2000 மார்ச்சில் நியூபீடியா தொடங்கப்பட்டது. மெய்யியலில் பயிற்சி பெற்ற லாரி சாங்கர் அதன் தலைமைப் பதிப்பாசிரியர். கட்டற்ற உரிமத்தில் வெளிவரும் கலைக்களஞ்சியம் என்பதே அதன் இலக்கு. எனினும் எழுத முன்வந்தவர் ஏழு படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. தலைப்பு ஒதுக்கப்படும், முதன்மை மதிப்பீட்டாளர் தேடப்படுவார், அவர் மதிப்பிட்ட பின் திறந்த மதிப்பீடு நடைபெறும், அதன்பின் படிதிருத்தம் இருமுறை, இறுதியில் ஒப்புதல். பதிப்பாசிரியர்கள், சில விலக்குகள் நீங்கலாக, முனைவர் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு.

முதற்கட்டுரை 2000 சூலையில் ஒப்புதல் பெற்றது. அது இசையியலைச் சார்ந்தது. 2003இல் தளம் மூடப்பட்டபோது முழுமை பெற்றிருந்தவை ஏறத்தாழ 25 கட்டுரைகள் மட்டுமே. ஆய்விதழ்களின் மதிப்பீட்டு முறையை நன்கறிந்தோர்க்கு இந்த எண்ணிக்கை வியப்பளிக்காது. ஊதியமும் பதவி உயர்வும் பின்னணியில் இருக்கும் கல்வித்துறையிலேயே மதிப்பீட்டாளரைத் தேடிப் பிடிப்பது அரிது. தன்னார்வலர் ஒருவரை ஏழு வாயில்களின் முன் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அவர் திரும்பிச் செல்வார்.

வினாக்குறியும் சிவப்பு இணைப்பும்

வார்டு கன்னிங்காம் 1995 மார்ச்சில் தம் நிரலர் குழுவினருக்காக உருவாக்கிய விக்கி முறையில், படிக்கும் பக்கமும் எழுதும் பக்கமும் ஒன்றே. நியூபீடியாவுக்கு வரைவுகளைத் திரட்டித் தரும் துணைக்கருவியாக மட்டுமே விக்கி முதலில் கருதப்பட்டது. நியூபீடியாவின் மதிப்பீட்டாளர்கள் அதனைத் தம் தளத்துடன் இணைக்க விரும்பவில்லை. ஆகவே 2001 சனவரி 15 அன்று விக்கிப்பீடியா தனித்தளமாக வெளிவந்தது. அவ்வாண்டின் முடிவில் 18 மொழிகளில் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் சேர்ந்திருந்தன.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் ‘இப்பக்கத்தைத் தொகு’ என்ற இணைப்பே என்று பொதுவாகக் கூறுவர். அது பாதி உண்மை. அன்றைய பக்கத்தில் அதற்கு இணையான அழைப்பு மற்றொன்றும் இருந்தது. தொடக்கத்தில் பயன்பட்ட யூஸ்மாட்விக்கி மென்பொருளில், இன்னும் எழுதப்படாத தலைப்புக்கு யாரேனும் இணைப்புக் கொடுத்தால் அச்சொல்லின் அருகே ஒரு வினாக்குறி தோன்றும். அதனைச் சொடுக்கினால் வெற்றுப் பெட்டி திறக்கும். பின்னர் அதுவே சிவப்பு இணைப்பாயிற்று. முழுமையான நூலின் முன் படிப்பவர் அடங்கி நிற்பார்; வெற்றிடத்தைக் கண்டால் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல முந்துவார். இந்த நடைமுறை உண்மையைத் தளத்தின் தோற்றமே செயற்படுத்தியது. கலைக்களஞ்சியம் நிரம்ப நிரம்ப இவ்வழைப்புத் தானாகக் குறைந்தது என்பது பின்னாளைய சரிவை விளக்குவோர் பலரும் கவனிக்கத் தவறிய செய்தி.

‘தொகு’ என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி இங்கு ஒன்று கூறலாம். ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் ‘திருத்து’ என்று வைத்திருந்தால், பிழை காண்பவருக்கே அப்பொத்தான் உரியது என்ற எண்ணம் எழுந்திருக்கும். தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளுள் ஒன்றாகத் தொகுத்தலைக் கூறுவதும், எட்டுத்தொகை என்ற பெயரும் தமிழ் படித்தவர் நினைவில் உள்ளவை. பலர் தந்ததை ஒன்றாக்கும் பணி என்ற பொருள் இச்சொல்லில் உறைந்திருக்கிறது.

குறிகள் பெருகிய காலம்

2002 சனவரியில் யூஸ்மாட்விக்கிக்கு மாற்றாக மேக்னஸ் மான்ஸ்கே எழுதிய மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. அதன் மறுஆக்கமே பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர் பெற்ற திறமூல மென்பொருள். 2004இல் வந்த மோனோபுக் தோற்றம் கட்டுரை, உரையாடல், தொகுத்தல், வரலாறு என்னும் நான்கையும் பக்கத்தின் உச்சியில் கீற்றுகளாக வரிசைப்படுத்தியது. உரையாடலும் வரலாறும் கட்டுரைக்கு நிகரான இடம் பெற்றது இவ்வடிவமைப்பின் சிறப்பு. எழுதியவர் யார், எதை மாற்றினார், எவருடன் வாதிட்டார் என்பன ஒரே சொடுக்கில் தெரிந்தன.

ஆனால் பொத்தானுக்கு அப்பால் இருந்த பெட்டி ஆண்டுதோறும் மாறியது. 2001இல் அதில் எளிய உரையும் ஒருசில குறிகளுமே இருந்தன. வார்ப்புருக்கள், தகவற்பெட்டிகள், 2005இன் முடிவில் வந்த மேற்கோட் குறிகள், அவற்றின்மேல் ஏறிய நிபந்தனைக் கட்டளைகள் எனப் பலவும் சேர்ந்தன. 2008ஆம் ஆண்டளவில் பெரிய கட்டுரை ஒன்றின் தொகுத்தற் பக்கத்தைத் திறந்த புதியவர், முதல் வாக்கியத்தைக் காண்பதற்கே நெடுந்தொலைவு குறிகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகத் தொகுப்போர் எண்ணிக்கை 2007இல் 51,000ஐத் தாண்டி உச்சம் தொட்டு, 2013இல் ஏறத்தாழ 31,000 ஆகச் சுருங்கியது.

2010, 2013: இரு மறுவடிவமைப்புகள்

நுழைவு கடினமாயிருப்பதே சரிவுக்குக் காரணம் என்ற கணிப்பு இயல்பாக எழுந்தது. ஸ்டான்டன் அறக்கட்டளை 2008 திசம்பரில் வழங்கிய 8,90,000 டாலர் நல்கையைக் கொண்டு விக்கிமீடியா நிறுவனம் பயன்பாட்டு ஆய்வைத் தொடங்கியது. பழக்கமில்லாதவர்களைத் தளத்தின்முன் அமர்த்தித் தொகுக்கச் செய்து, அவர்கள் தடுமாறும் இடங்கள் பதிவு செய்யப்பட்டன. குறிமொழியும் வார்ப்புருவும் அத்தடுமாற்றங்களுள் முதன்மையானவை. 2010 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் வெக்டர் தோற்றம் இயல்பிருப்பானது. தேடற்பெட்டி மேல் வலப்புறம் சென்றது, படித்தலும் தொகுத்தலும் ஒருபுறமாகவும், கட்டுரையும் உரையாடலும் மறுபுறமாகவும் பிரிந்தன, கருவிப்பட்டை சீரானது. பெட்டிக்குள் இருந்த குறிமொழி அப்படியே நின்றது. திங்கள்தோறும் தொகுப்போர் தொகையை 2015க்குள் 2,00,000 ஆக உயர்த்துவது என அந்நிறுவனம் வகுத்த இலக்கு எட்டப்படவில்லை.

அடுத்த முயற்சி குறிமொழியையே மறைப்பது. சொற்செயலியில் எழுதுவதுபோல் பக்கத்தின் மேலேயே எழுதத்தக்க காட்சித் தொகுப்பி, 2013 சூலை 1 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிவு செய்த பயனர்களுக்கு இயல்பிருப்பாக்கப்பட்டது. அது மெதுவாக இயங்கியது. தேவையற்ற குறிகளைக் கட்டுரைகளில் செருகியது. வார்ப்புருக்களைக் கையாள்வதில் இடறியது. அவற்றைத் துப்புரவு செய்யும் சுமை பழைய பங்களிப்பாளர்மேல் விழுந்தது. கலந்துரையாடலில் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். செப்டம்பரில் தன்னார்வ நிருவாகி ஒருவர் தள அமைப்பை மாற்றி, விரும்புவோர் மட்டும் தேர்ந்துகொள்ளும் கருவியாக அதனை ஆக்கினார்.

இந்நிகழ்வைப் பழமைவாதிகளின் பிடிவாதம் எனக் கொள்வது எளிது; ஆனால் அது நேர்மையான மதிப்பீடாகாது. வராதவர்களை முன்னிட்டு, வந்து பணிபுரிபவர்களைக் கேளாமல் செய்த மாற்றம் அது. ஊதியம் பெறுவோர் வடிவமைத்ததை ஊதியம் பெறாதோர் சரிசெய்ய நேர்ந்தது. தளம் எவருடையது என்ற கேள்வி அதற்குள் இருந்தது. குறைகள் பெரிதும் களையப்பட்ட பின், 2015 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கணக்குகளை இரு பிரிவாக்கிச் செய்த சோதனையில், காட்சித் தொகுப்பி பெற்ற பிரிவினர் மற்றவரைவிடக் கூடுதலாக நிலைத்துத் தங்கியதாகத் தெரியவில்லை. கருவி ஏற்கத்தக்கதாயிற்று, சரிவுக்கு மருந்தாகவில்லை.

வாயிலுக்கு அப்பால்

ஆரன் ஹால்ஃபேக்கர், ஸ்டூவர்ட் கைகர், ஜோனதன் மார்கன், ஜான் ரீடல் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு விளக்கத்தை முன்வைத்தது. நன்னோக்குடன் வரும் புதியவர்களின் விகிதம் ஆண்டுகள் கழிந்தும் பெரிதும் குறையவில்லை. அவர்கள் முதலில் செய்த தொகுப்புகள் நீக்கப்படுவது மிகுந்தது. அவ்வாறு நீக்கப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. 2005க்குப் பின் விக்கிப்பீடியா பெரும்புகழ் பெற, விசமத் தொகுப்புகளும் பெருகின. அவற்றை எதிர்க்கத் தானியங்கிகளும் ஹகிள் போன்ற அரைத்தானியங்கிக் கருவிகளும் வந்தன. சில நொடிகளில் ஒரு தொகுப்பை நீக்கி, முன்பே எழுதி வைத்த எச்சரிக்கையைப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் இட அவை உதவின. விசமியும் அறியாமல் பிழை செய்தவரும் ஒரே வாசகத்தைப் பெற்றனர். விதிகளை மாற்றக் கோரும் புதியவர் குரலும் எடுபடவில்லை.

இவ்விளக்கத்தை நியூபீடியாவின் வரலாற்றுடன் இணைத்துக் காணவேண்டும். 2001இல் விக்கி அந்த ஏழு படிகளையும் ஒழித்துவிட்டதாகவே கருதப்பட்டது. உண்மையில் அவை இடம் மாறின. நியூபீடியாவில் மதிப்பீடு வெளியீட்டுக்கு முன் நின்றது; விக்கிப்பீடியாவில் வெளியீட்டுக்குப் பின் வந்தது. முன்னதில் மதிப்பீட்டாளருக்கு விடையிறுக்க முடியும். பின்னதில் பலவேளை ஒரு வார்ப்புருவே விடை. 2010, 2013 ஆண்டுகளின் மறுவடிவமைப்புகள் வாயிற்படியைத் தாழ்த்தின. உள்ளே நின்றவர் செய்கையைத் தொடவில்லை.

2012 பிப்ரவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடங்கிய ‘டீஹவுஸ்’ என்ற உதவிக்கூடம் வேறு திசையில் சென்றது. புதியவர் அங்குக் கேள்வி கேட்கலாம். விருந்தோம்புநர் எனப் பெயரிடப்பட்ட பயனர் தம் சொற்களில் மறுமொழி தருவார். செலவிலும் தொழில்நுட்பத்திலும் காட்சித் தொகுப்பியின் அருகே வைக்கத் தகாத சிறு முயற்சி அது. எனினும் அங்கு அழைக்கப்பட்டவர்கள் அழைக்கப்படாதவரைவிட மிகுதியாகத் தங்கினர் என்று பின்னைய ஆய்வு காட்டியது. செக், கொரிய விக்கிப்பீடியாக்களில் தொடங்கிச் சோதிக்கப்பட்ட புதியவர் முகப்பும் இவ்வழியிலேயே அமைந்தது. எளிய பணிகளின் பட்டியலுடன், கேள்வி கேட்கத்தக்க வழிகாட்டி ஒருவரின் பயனர்பெயரும் அம்முகப்பில் இடம்பெற்றது.

தமிழ் விக்கிப்பீடியாவின் வேறு வழி

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் இடர்ப்பாடுகள் இவற்றினின்றும் வேறானவை. பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இடைமுகச் சொற்களின் பெரும்பகுதியைத் தமிழாக்கியவர் இ. மயூரநாதன்; கட்டுரைகள் பெருகுவதற்கு முன்பே அப்பணி நடைபெற்றது. அடுத்த தடை விசைப்பலகை. தனியே மென்பொருள் நிறுவாத பலருக்குத் தமிழில் எழுதுவது கடினமாயிருந்த காலம் அது. 2011ஆம் ஆண்டளவில் ‘நாராயம்’ என்ற தட்டச்சுக் கருவி தளத்துடன் இணைந்து, தமிழ்99 உள்ளிட்ட முறைகளைத் தொகுத்தற் பெட்டியிலேயே தந்தது. ஆங்கிலத்தில் எவரும் எண்ணிப் பார்த்திராத படிக்கட்டு இது.

முதற்பக்கத்தில் ‘பங்களிப்பாளர் அறிமுகம்’ என்ற பகுதி வைக்கப்பட்டதும் கருதத்தக்கது. பங்களிப்பவரின் ஊர், தொழில், எழுதும் துறை ஆகியன சில வரிகளில் அங்கு இடம்பெற்றன. ஆசிரியர் பெயரைக் கட்டுரையில் இடாத கலைக்களஞ்சியம், தன் முகப்பில் மனிதர்களைக் காட்டியது. பொது உரையாடல் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ எனப் பெயர் வைத்ததிலும் அதே நோக்கம் உண்டு. பங்களிப்போர் சிலராயிருந்த தளத்தில் புதியவர் ஒவ்வொருவரும் கண்ணில் படுவர். வரவேற்பது இயலும் செயல்.

அந்த நிலைக்கும் எல்லை இருந்தது. தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டிய 2017ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் பயிற்சிகள் நடந்தன. குறுகிய காலத்தில் பலர் ஒருங்கே நுழைந்தனர். அவர்தம் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் பணி, நாள்தோறும் தளத்தைக் கவனித்துவந்த பழைய பயனர் சிலர்மேல் விழுந்தது. புதியவர் பலராகவும் விடையிறுப்போர் சிலராகவும் அமைந்தபோது, தனித்தனியே எழுதிய குறிப்புகளுக்கு மாறாகத் துப்புரவு வார்ப்புருக்களே அங்கும் அவர்களை எதிர்கொண்டன.