மூங்கிலாற்று நாரைகள்

சிங்கப்பூரின் வடமேற்கில், ஜொகூர் நீரிணையை நோக்கி ஓடும் சிற்றாறு சுங்கை பூலோ. மலாய் மொழியில் மூங்கிலாறு என்று பொருள்.

முன்னாளில் அங்கே இறால் குளங்கள் இருந்தன. கடல் பெருகும்போது மதகைத் திறந்தால் நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். கடல் வற்றும்போது நீரை வடித்து, வளர்ந்த இறாலை வலையில் பிடிப்பார்கள். வடிந்த சேற்றில் நாரைகளும் கொக்குகளும் உள்ளான்களும் இரை தேடின.

அந்நிலத்துக்கு வேறு திட்டம் இருந்தது. 1986-ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகத்தின் பறவை ஆர்வலர்கள் அங்குள்ள பறவை வளத்தைக் கண்டு, இடத்தைக் காக்குமாறு அரசாங்கத்திடம் எழுதிக் கேட்டனர். 1989-இல் அது இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது, 1993-இல் திறக்கப்பட்டது, 2002-இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாயிற்று.

பழைய மதகு முறை இன்று பறவைகளுக்கு உதவுகிறது. கடல் பெருகிக் கரைச்சேறு மூழ்கும் வேளையில், குளத்து நீரைக் குறைத்து வைக்கிறார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை, வடக்கே சைபீரியா போன்ற இடங்களிலிருந்து வரும் உள்ளான்கள் அங்கே இளைப்பாறுகின்றன.

தோட்டப் பள்ளியில் நாங்கள், பறவையைக் கண்டால் நாள், இடம், எண்ணிக்கை மூன்றையும் குறித்துவைக்க மாணவர்களைப் பழக்குகிறோம். பார்த்தவர்கள் பேசாதிருந்தால், மூங்கிலாற்றில் நாரைக்கு நிற்க இடம் இருந்திராது.