சாம்பல் மேகமும் ஆகாய விமானமும்

சாம்பல் என்றதும் நமக்கு அடுப்படிதான் நினைவுக்கு வரும். பாத்திரம் விளக்கவும், கத்தரிக் கன்றுக்குத் தூவவும் நம் வீடுகளிற் பயன்பட்ட பொருள் அது. எரிமலை கக்குவதையும் நாம் சாம்பல் என்றே சொல்லுகின்றோம். ஆயின், அது எரிந்து தணிந்த பொருளன்று. நிலத்தடிப் பாறைக்குழம்பு, தன்னுள் அடைபட்ட ஆவி வெடித்துப் புறப்படும்போது நொறுங்கிப் பொடியாகின்றது. கூர்முனை கொண்ட கண்ணாடித் தூள் என்பதே அதற்குப் பொருந்தும் பெயர். நீறு பூத்த நெருப்பென்று நம் முன்னோர் சொன்னார்கள். இங்கோ நீறே நெருப்பினும் கொடிது. இந்நீறு ஆகாய விமானங்களுக்கு யமனாக வந்த வரலாற்றையும், அதற்குக் காவல் வைக்க உலகம் கற்றுக்கொண்ட வகையையும் இக்கட்டுரையிற் சிறிது நோக்குவோம்.

விமானம் தோன்றுவதற்கு முன்னரே இச்சாம்பலின் நெடும் பயணத்தை நம் நாடு கண்டதுண்டு. 1883ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் திகதி, யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள கிரக்கத்தோவா வெடித்தபோது அதன் ஓசை இலங்கையிலுங் கேட்டது. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாய்த் தோன்றிற்று. ஒனலூலுவில் வாழ்ந்த செரினோ பிஷப் என்னும் பாதிரியார், பல தேசங்களிலிருந்து வந்த இத்தகைய செய்திகளைத் தேதிவாரியாக ஒப்பிட்டு நோக்கி, அத்தூள் மத்திய கோட்டை ஒட்டி மேற்கு நோக்கிப் பாய்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் உலகை ஒருமுறை சுற்றியது என்று கண்டார். உயர் வானிற் காற்று எப்படி வீசுகின்றதென்பதை மனிதனுக்குக் காட்டிய ஆசான்களுள் சாம்பலும் ஒன்று. அக்கிரக்கத்தோவாச் செய்தியைக் கடலடித் தந்தி ஐரோப்பாவுக்கு விரைவிற் கொண்டுபோய்ச் சேர்த்ததென்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க. ஏனெனில், அதற்கு ஒரு நூற்றாண்டின் பின் நிகழ்ந்தது இதற்கு மாறானது.

1982ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதந் தொடக்கம் மேற்கு யாவாவிலுள்ள கலுங்குங் எரிமலை சீறிக்கொண்டேயிருந்தது. சுற்றியுள்ள ஊரவர் அறிவர். எரிமலை ஆராய்வோர் அறிவர். ஆனால், ஜூன் 24ஆம் திகதி இரவு கோலாலம்பூரிலிருந்து பேர்த் நகரை நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் எயர்வேஸ் போயிங் 747 விமானத்தை ஓட்டியவர்கள் அறியார். அதில் 263 பேர் இருந்தனர். தலைமை விமானி எரிக் மூடி. 37,000 அடி உயரம். வானிலை ராடார் காட்டிய வானிலோ ஒரு மறுவும் இல்லை. திடீரென முன் கண்ணாடியில் நீலப் பொறிகள் விளையாடின. கூண்டினுள் கந்தக நெடியுடன் புகை பரவிற்று. முதலில் நான்காம் இயந்திரம் நின்றது. தொடர்ந்து இரண்டாவது, பின்னர் மற்றிரண்டும். நான்கு இயந்திரமும் அவிந்த ஒரு பெருவிமானம், கருங்கடலின்மேற் பருந்துபோல வழுகிக்கொண்டிருந்தது.

யாவாவின் தென்கரை மலைகளைத் தாண்ட 11,500 அடியாவது வேண்டும். அதற்குமேல் இறங்கிவிட்டாற் கடலிலேயே இறக்குவதென்று விமானிகள் தீர்மானித்தனர். திரும்பத் திரும்ப இயந்திரங்களை முடுக்கினர். ஏறத்தாழ 13,500 அடியில் நான்காம் இயந்திரம் உயிர்பெற்றது. பின் மற்றவையும் ஒவ்வொன்றாய் எழுந்தன. சற்று உயர ஏறியதும் பழைய பொறிகள் மீண்டும் தோன்ற, ஓர் இயந்திரம் தடுமாறி, அதை நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்று இயந்திரத்தோடு ஜக்கார்த்தாவை அடைந்தால், முன் கண்ணாடியோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாற்போல மங்கிக் கிடந்தது. ஓரத்தில் எஞ்சிய சிறு கீற்றின் வழியே பார்த்து இறக்கினார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. காரணம் யாதென்று அவ்வேளையில் அவர்களுக்கே தெரியாது! மூடி அவர்கள் 2024ஆம் ஆண்டிற் காலமானார்.

நடந்ததென்ன? ராடார் நீர்த்துளியைத் தேடும் கருவி. உலர்ந்த நுண்டூள் அதன் கண்ணிற் படாது. அத்தூள் ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளகத் தொடங்கும். இயந்திரத்தின் உள்ளறை அதனினும் மிகச் சூடானது. ஆகவே உள்ளே புகுந்த தூள் உருகி, சுழலி அலகுகளுக்கு அருகே பாகுபோற் படிந்து காற்றின் வழியை அடைத்தது. இயந்திரம் நின்று ஆறியதும் அக்கண்ணாடிப் பொருக்கு வெடித்துக் கழன்றது. காற்று மீண்டும் ஓடிற்று. அணைந்ததுதான் அவர்களைக் காத்தது என்று சொல்லினும் பிழையாகாது.

இவ்வளவுக்கும் பின்னரும் பாடம் பதியவில்லை. வான்வழி சில நாள் மூடப்பட்டுத் திறக்கப்பட்டது. மூன்று வாரமாகுமுன், ஜூலை 13ஆம் திகதி, சிங்கப்பூர் விமானம் ஒன்று அதே மலையின் சாம்பலிற் புகுந்து, அதன் இயந்திரங்களும் ஒன்றுக்கு மேற்பட்டவை நின்றன. மலை ஒளித்துக்கொண்டு வெடிக்கவில்லை. அறிந்தவனிடமிருந்து அறியவேண்டியவனிடம் செய்தி போகவில்லை. குற்றம் அதுதான் என்பது எமது கருத்து.

1989ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் திகதி அலாஸ்காவில் இரடவுட் எரிமலையின் சாம்பலில் ஒல்லாந்தரின் புத்தம்புதிய போயிங் 747 சிக்கி, 245 பேருடன் நான்கு இயந்திரமும் இழந்து 14,000 அடிக்குமேல் வீழ்ந்து தப்பியது. அங்கேயோ மலை வெடித்த செய்தி தெரிந்தேயிருந்தது. மேகம் அப்போது எங்கே நின்றதென்பதே தெரியவில்லை. பழுதுபார்க்கச் சென்ற செலவு ஏறத்தாழ எட்டுக் கோடி டொலர். இதன் பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. தொண்ணூறுகளில் உலக வான்பரப்பைப் பங்கிட்டு ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை நிலையங்கள் அமைந்தன: இலண்டன், துலூஸ், ஆங்கரேஜ், மொன்றியல், வாஷிங்டன், புவனஸ் அயர்ஸ், தோக்கியோ, டார்வின், வெலிங்டன். இந்தோனேசியத் தீவுகளைக் காப்பது டார்வின். கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் செல்வோர் சுமாத்திராவைக் கடந்தே போகின்றார்களாதலின், அந்நிலையத்தின் செய்தி நமக்கும் அந்நியமன்று.

செய்மதி மேகத்தைப் பார்க்கின்றது. ஆனால் மழைமேகமா, சாம்பல் மேகமா? அவுஸ்திரேலிய விஞ்ஞானி பிரட் பிராத்தா என்பவர், நமக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரில் இரு அலைநீளங்களை ஒப்பிட்டால், நீர்மேகமும் சாம்பலும் எதிரெதிராக நடப்பதைக் காட்டினார். இன்று யப்பானின் இமாவாரிச் செய்மதி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அனுப்புகின்றது. தூள் எங்கே செல்லுமென்று கணிக்க இலண்டனார் பயன்படுத்தும் கணித முறை, 1986இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபின் அதன் நச்சுத்தூளைத் தொடர்வதற்கென உருவானது. ஒரு துன்பத்திற் பிறந்த கருவி மற்றொன்றுக்கு உதவிற்று.

ஆயினும் எச்சரிக்கை மிகுந்தாலும் தொல்லையே. 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஐஸ்லாந்தின் எய்யாப்யாத்லயோக்குத் எரிமலை குமுறியபோது, சாம்பலுள்ள வானிற் பறக்கலாகாது என்பதே விதி. எவ்வளவு சாம்பல் என்று எவரும் வரையறுத்திருக்கவில்லை. ஐரோப்பிய வான் ஆறு நாள் வெறிச்சோடிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் பயணங்கள் நின்றன. அதன் நடுவிலேதான், கனமீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் என்று அவசரமாக அளவு குறித்தார்கள். பயணிகள் விமான நிலையத் தரையிற் படுத்துறங்க, அறிஞர் எல்லை தேடிய காட்சி அது.

அண்மையில், 2025ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, எத்தியோப்பியப் பாலைநிலத்தில் ஆயலி குப்பி என்னும் மலை வெடித்தது. முன்னர் வெடித்ததாக எழுத்துப் பதிவே இல்லாத மலை. ஆனால் மேலே நின்ற செய்மதி கண்டது. துலூஸ் நிலையம் அறிவித்தது. செங்கடலையும் அரபிக்கடலையும் தாண்டிச் சாம்பல் மறுநாளிரவு டில்லி வானை எட்டுமுன், இந்திய விமான நிறுவனங்கள் தம் பயணங்கள் சிலவற்றை நிறுத்தியும் திருப்பியும், அவ்வழி வந்த விமானங்களைச் சோதித்துக்கொண்டிருந்தன.